வீட்டார் சார்பில் ஒருவர்

அத்தியாயம் பதினான்கு

மாதப்பன் போய்ச் சேர்ந்து பன்னிரண்டு நாளாகிறது. முந்தாநாள் கருமாதி முடிந்தது. இன்று ஞாயிற்றுக்கிழமை, பதினோரு மணிக்கு ஹெப்பாளில் அவருக்கு இரங்கல் கூட்டம். மணி ஏழரை ஆகிவிட்டது. அங்கே பேச வேண்டிய மகள் மோகனப்ரியா இன்னும் பேச்சை எழுதி முடிக்கவில்லை.

போன வாரங்களைப் பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போட்டுவிட்டவர்களுக்காக நாலு வரி. கொள்ளேகால் பக்கம் ராமாபுரத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, இருபது வயதில் மைசூருக்கு வந்து, ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் முப்பத்தெட்டு வருடம் லேத் ஓட்டியவர் மாதப்பன். ஆறு வருடத்துக்கு முன்னால் அங்கே நாற்பத்தொரு நாள் வேலைநிறுத்தம் நடந்தது. அப்பா கேட்டுக்கு வெளியே பந்தலில் உட்கார்ந்திருந்தார். அதே தொழிற்சாலையில் பயிற்சிக்குச் சேர்ந்திருந்த மகன் தருண்குமார், கல்யாணமாகி மூன்றே மாதம் ஆனவன், வேலை போய்விடும் என்ற பயத்தில் திரை போட்ட கம்பெனி பஸ்ஸில் ஏறி அந்த கேட் வழியாகவே உள்ளே போனான். காற்றில் திரை விலகியதோ, அவனே விலக்கினானோ, அப்பாவும் பிள்ளையும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டார்கள். அன்று சாயங்காலம் வீட்டு வாசலில் நின்று மாதப்பன் சொன்னது ஒரே வாக்கியம். "நானாக் கூப்பிட்டாத்தான் நீ என் முன்னாடி வரணும்."

அவர் கூப்பிடவில்லை. அவனும் வரவில்லை. ஒரு வருடத்தில் அந்த வேலையை விட்டுவிட்டு நஞ்சன்கூட்டில் வேறொரு கம்பெனியில் சேர்ந்தான். மைசூரிலிருந்து முக்கால் மணி நேரப் பயணம். அப்பா செத்த பிறகுதான் வந்தான். கொள்ளி வைத்தான், காரியங்களை ஒழுங்காகச் செய்தான், யாரிடமும் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசாமல் திரும்பிப் போனான்.

இவ்வளவும் அவர்கள் குடியிருக்கிற கும்பாரகொப்பல் தெருவுக்கே தெரிந்த சங்கதி. தெருவுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அது மோகனாவுக்கு மட்டும்தான் தெரியும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் அப்பாவோடு இருந்தவள் அவள். இரண்டு ராத்திரி கண்விழித்த அம்மா, குளித்துவிட்டு வர வீட்டுக்குப் போயிருந்தாள். நெஞ்சுவலி குறைந்துவிட்டது, வியாழக்கிழமை வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மோகனா கட்டிலுக்குப் பக்கத்தில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். பதினோரு மணிக்கு அப்பா, தருணுக்குப் போன் போடச் சொன்னார். மீட்டிங்கில் இருந்தவள் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றாமலே, இருங்கள், முடியட்டும் என்று கையைக் காட்டினாள். ஒன்றரை மணிக்கு, கஞ்சி குடித்துவிட்டு, மறுபடி கேட்டார். அப்போது மீட்டிங் எதுவும் இல்லை.

அப்போது இருந்தது கோபம். ஆறு வருடமாக மாத்திரை வாங்கிக் கொடுத்தது யார், ராத்திரி ஷிஃப்ட் முடித்து வந்து டாக்டரிடம் அழைத்துப் போனது யார், அண்ணன் பேரை எடுத்தாலே தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோன மனுஷனைச் சமாதானம் செய்து சாப்பிட வைத்தது யார். இப்போது படுக்கையில் விழுந்ததும் அவன் வேண்டுமாம். சாயங்காலம் பார்க்கலாம், தூங்குங்கள் என்று சொல்லிவிட்டாள். மூன்று மணிக்கு அவர் பேசவில்லை. மேஜைமேல் இருந்த அவள் போனைக் கைகாட்டினார். அவள் அதை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். மூன்று நாற்பதுக்கு எல்லாம் முடிந்துவிட்டது.

அவளைத் திட்டத் தோன்றுகிறவர்கள் திட்டிக்கொள்ளலாம். எழுதும்போது நானும் திட்டினேன். ஆனால் அவள் தன்னைத் திட்டிக்கொண்ட அளவுக்கு என்னால் முடியவில்லை. கடைசியாக அப்பா என்ன சொன்னார் என்று கேட்டவர்களிடம் எல்லாம், தண்ணீர் கேட்டார் என்று சொல்லிவைத்திருக்கிறாள். நேற்று மளிகைக் கடைக்காரர்கூட அதைச் சொல்லி உச்சுக்கொட்டினார்.

இப்போது எழுதுவது நாலாவது தாள். மோகனா கன்னட மீடியத்தில் படித்தவள். தமிழைக் கன்னட எழுத்தில்தான் எழுத வரும். முதல் தாள், வேலைக்கு விண்ணப்பம் போட்ட மாதிரி இருந்தது. பிறந்தார், சேர்ந்தார், ஓய்வுபெற்றார். இரண்டாவதில் பாதியில் அழுகை வந்து மை கரைந்துவிட்டது. மூன்றாவதில் 'ஆஸ்பத்திரியில் கடைசி நாளன்று அப்பா' என்று எழுதிவிட்டு அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். நாலாவதில் ஆஸ்பத்திரியே வராமல் பார்த்துக்கொண்டாள்.

அம்மா சித்தம்மா காபியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். எழுதியதைப் படிக்கச் சொன்னாள். முழுவதையும் கேட்டாள். பிறகு எழுந்துபோய், வீட்டில் வேறு யாரும் இல்லாதபோதும் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"இன்னொண்ணு சேத்துக்கோ கண்ணு," என்றாள். "சாகறதுக்கு முன்னாடி தருணைக் கேட்டாருன்னு சொல்லிரு."

மோகனா பேனாவைக் கீழே வைத்தாள். அம்மாவுக்கு எப்படித் தெரியும் என்று அவள் முகத்தையே பார்த்தாள்.

"பொய்தான். எனக்குத் தெரியாதா? உங்கப்பன் கேக்கற ஆளா? கேக்கறவரா இருந்தா ஆறு வருசம் ஆகுமா? ஆனாலும் சொல்லு. பாவம் வந்தா எனக்கு வந்துட்டுப் போகட்டும்."

அழுதுகொண்டு சொல்லவில்லை. உத்தரவு போடுகிற குரலில் சொன்னாள். காரணம் இருந்தது. மருமகள் கனகா நேற்று போனில் பேசியிருக்கிறாள். தருண் குஜராத்துக்கு மாற்றல் கேட்டு வாங்கிவிட்டான், புதன்கிழமை ரயில். அப்பாவே வேண்டாமென்று போய்விட்டார், இனிமேல் இந்தப் பக்கம் எனக்கு என்ன இருக்கிறது என்று கேட்டானாம். வருஷ திதிக்குக்கூட அங்கேயே ஏதாவது கோயிலில் செய்துகொள்வானாம். புருஷனைக் கொடுத்தாயிற்று, பன்னிரண்டு நாளில் பிள்ளையையும் கொடுக்க முடியாது என்றாள் சித்தம்மா. அந்தத் தொழிலாளர்கள் எல்லாரும் இருக்கும்போது மைக்கில் இந்த வார்த்தை விழுந்தால், அவன் அவர்கள் நடுவே தலை நிமிர்ந்து நிற்பான். ஊரை விட்டுப் போக மாட்டான்.

சொல்லியிருக்கலாம். அது பொய்யில்லையம்மா, நிஜமாகவே கேட்டார் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். மோகனா வாயைத் திறந்தாள். அதற்குள் சித்தம்மா மகள் தலையில் கை வைத்தாள்.

"நீ பக்கத்துல இருந்தது ஒண்ணுதான் கண்ணு எனக்குத் தெம்பு. நீ இருக்கீன்னுதான் நான் எந்திரிச்சு வீட்டுக்கு வந்தேன்."

திறந்த வாயால் மோகனா காபியைக் குடித்தாள்.

பொய் என்று நினைத்துக்கொண்டு அம்மா உண்மையைச் சொல்லச் சொல்கிறாள். சொன்னால் அடுத்த நிமிஷமே அண்ணன் கேட்பான், அப்படியானால் என்னை ஏன் கூப்பிடவில்லை என்று. அதற்கு என்ன பதில் எழுதுவது? நாலாவது தாளின் கடைசியில் ஒரு வரிக்கு இடம் விட்டு மடித்து வைத்தாள்.

ஒன்பது மணிக்கு செல்லக்கண்ணு வந்தார். மாதப்பனோடு ஒரே வரிசையில் லேத் ஓட்டியவர், தொழிற்சங்கச் செயலாளர், மோகனாவுக்குப் பிறந்ததிலிருந்து மாமா. கூட்டத்தை நடத்துகிறவர் அவர்தான். அந்தத் தொழிலாளர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தங்களில் ஒருவர் இறந்துபோனால் கன்னடத்தில் 'நுடி நமனா' என்கிற சொல்லஞ்சலிக்குக் கூடி, ஒவ்வொருவராக எழுந்து இறந்தவரைப் பற்றிப் பேசுவார்கள். எல்லாருக்கும் கடைசியில் வீட்டார் சார்பில் ஒருவர் பேச வேண்டும். வீட்டார் பேசிவிட்டால் அதற்குமேல் யாரும் வாய் திறக்கக் கூடாது. மைக்கை அணைத்துவிட்டு, உப்பிட்டு என்று அங்கே சொல்கிற உப்புமாவும் காபியும் கொடுத்துவிடுவார்கள். வீட்டார் பேச்சுதான் முடிவான பேச்சு.

செல்லக்கண்ணு நேரத்தையும் வண்டி ஏற்பாட்டையும் பேசிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் வரை போனவர் நின்றார். தருண் வருவான் என்று கேள்விப்பட்டதாகச் சொன்னார். வரட்டும், பிள்ளை, தடுக்க முடியாது. ஆனால் முன்வரிசை வேண்டாம். அந்த வேலைநிறுத்தத்தில் பதினோரு பேருக்கு வேலை போனது, அதில் ஏழு பேர் இன்று வருகிறார்கள்.

"உன் பேச்சுல அவன் பேரு வேண்டாம் அம்மிணி," என்றார். "மாதப்பன் சாகற வரைக்கும் மனசு மாறல. சொந்தப் பிள்ளைக்காகக்கூட மாறலைன்னுதான் எங்க ஆளுங்க அவனைக் கும்பிடறாங்க. அந்த மரியாதையோட அனுப்பிவெச்சுருவோம்."

அவர் அன்பாகத்தான் சொன்னார். அதுதான் கஷ்டமாக இருந்தது. மோகனா தலையாட்டினாள். உள்ளேயிருந்து சித்தம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அவர் போனதும், நீ நான் சொன்னதைச் சொல்லு என்று மட்டும் சொல்லிவிட்டுப் புடவை மாற்றப் போனாள்.

கூட்டம் நடந்தது ஹெப்பாளில், தொழிற்சாலைகளுக்கு நடுவே இருக்கிற ஒரு சின்ன மண்டபத்தில். நூற்றைம்பது பேருக்குக் குறையாது. பாதிப் பேர் கன்னடக்காரர்கள், பாதிப் பேர் கொள்ளேகால், ஹனூர் பக்கத்துத் தமிழர்கள். மேடையில் மாதப்பனின் படம். ஓய்வுபெற்ற அன்று தலையில் மைசூர் பேட்டா என்கிற தலைப்பாகை வைத்து, சால்வை போர்த்தி எடுத்தது. சிரிக்கச் சொல்லியும் சிரிக்காமல் விறைப்பாக நின்றிருந்தார். மோகனா அந்தப் படத்தைப் பார்க்காமல் இருக்க எவ்வளவோ முயற்சி செய்தாள். பார்வை அங்கேயே போனது. அப்பா என்று கூப்பிட வேண்டும் போல இருந்தது, அவ்வளவுதான், வேறொன்றும் வேண்டாம்.

பதினொன்றே காலுக்குத் தருண் வந்தான். தனியாக வந்தான். செருப்புகள் கிடந்த இடத்தைத் தாண்டி உள்ளே வரவில்லை. கதவோரமாகச் சுவரில் சாய்ந்து நின்றான். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த இருவர் திரும்பிப் பார்த்துவிட்டு நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டார்கள். முன்வரிசையில் இருந்த சித்தம்மா அவனை வா என்று கையசைத்தாள். அவன் பார்க்காதது போல இருந்துவிட்டான்.

ஒவ்வொருவராகப் பேசினார்கள். கேண்டீனில் வேலை பார்த்த லிங்கம்மா, மாதப்பன் ஒருநாள்கூடத் தட்டில் சோறு மிச்சம் வைத்ததில்லை என்று சொல்லி அழுதாள். மற்றவர்கள் எங்கே ஆரம்பித்தாலும் அந்த நாற்பத்தொரு நாளில்தான் வந்து நின்றார்கள். செல்லக்கண்ணு கடைசிக்கு முந்தி எழுந்தார். யார் பேரையும் சொல்லவில்லை. ஒரு பஸ் வந்தது, ஒரு திரை விலகியது, பக்கத்தில் இருந்த என் தோழன் கண்ணை மூடவில்லை, தலையைக் குனியவில்லை, கடைசி மூச்சு வரை மாறவில்லை என்றார். மண்டபமே திரும்பிக் கதவைப் பார்த்தது. தருண் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். காதுமடல் மட்டும் சிவந்திருந்தது.

பிறகு வீட்டார் சார்பில் மோகனாவைக் கூப்பிட்டார்கள்.

முதலில் கன்னடத்தில் எல்லாருக்கும் வணக்கமும் நன்றியும் சொன்னாள். பிறகு தமிழில் தாளைப் பார்த்துப் படித்தாள். அப்பா ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு நாளைக்கான உடுப்பையும் தானே இஸ்திரி போடுவார். கம்பெனியிலிருந்து ஒரு திருகாணிகூட வீட்டுக்கு வந்ததில்லை. பள்ளிக்கூடத்துக் கைவேலைக்கு நான் கேட்டபோதுகூடக் கடையில் வாங்கித் தந்தார். எனக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை கிடைத்த அன்று அவர் கேட்ட முதல் கேள்வி, அங்கே யூனியன் இருக்கிறதா என்பது. இல்லை என்றதும் ஒரு வாரம் சரியாகத் தூங்கவில்லை. முதல் மாதம் முழுக்க என் கம்பெனி பஸ் வரும்வரை கூடவே ஸ்டாப்பில் நின்றார்.

இங்கே கூட்டத்தில் லேசாகச் சிரிப்பு எழுந்தது. செல்லக்கண்ணுவும் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். இந்த இடத்தில் நன்றி சொல்லி இறங்கியிருந்தால் நல்ல பேச்சு என்று எல்லாரும் பாராட்டியிருப்பார்கள். தாளில் அதற்குமேல் எதுவும் இல்லை, விட்டுவைத்த ஒரு வரி இடம்தான் இருந்தது.

கதவருகே தருண் அசைந்தான். குனிந்து தன் செருப்பைத் தேடினான்.

"ஆஸ்பத்திரியில்," என்றாள் மோகனா. குரல் தனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "ஆஸ்பத்திரியில் கடைசி நாளன்று, அப்பா எங்கண்ணனைக் கேட்டார்."

செல்லக்கண்ணுவின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்று, மெல்ல இறங்கியது. மூன்றாவது வரிசையில் இருவர் எழுந்து, மேடையைப் பார்க்காமல் வெளியே போனார்கள். சித்தம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அடுத்த வாக்கியம் மோகனாவின் தொண்டை வரை வந்தது. நூற்றைம்பது முகங்களைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டது. வணக்கம் என்று சொல்லிவிட்டு இறங்கினாள். யாரோ மைக்கை அணைத்தார்கள்.

உப்பிட்டுத் தட்டுகள் வர ஆரம்பித்தன. யாரும் மோகனாவிடம் வந்து பேசவில்லை. அவள் கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தபோது தருண் பைக் பக்கத்தில் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தான். அவளுக்காகத்தான் காத்திருந்தான்.

"அம்மா சொல்லச் சொன்னாங்களா?" என்று கேட்டான்.

அவள் மண்டபத்து வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

"பரவால்ல. கோபமெல்லாம் இல்ல. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு." அவன் நிஜமாகவே கோபமில்லாமல்தான் இருந்தான். "ஆனா அவர் கேக்கல. எனக்குத் தெரியும்."

உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள்.

"நான் அங்கதான் இருந்தேன்."

மெதுவாக, பாதி தமிழும் பாதி கன்னடமுமாகச் சொன்னான். அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றே அம்மா அவனுக்குப் போன் செய்துவிட்டாள். அவரிடம் இவனைப் பற்றி எடுத்துச் சொல்ல அவளுக்குத் தைரியம் வரவில்லை. அவராகக் கேட்டால் மோகனா உன்னைக் கூப்பிடுவாள், பக்கத்திலேயே இரு என்று சொல்லியிருக்கிறாள். செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு, காலை எட்டு மணியிலிருந்து கீழே மருந்துக் கடைக்குப் பக்கத்துப் பெஞ்சில் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கூப்பிடும்போது இல்லாமல் போய்விடக் கூடாது என்று சாப்பிடக்கூடப் போகவில்லை. நாலு மணிக்கு மோகனாவிடமிருந்து போன் வந்தது, அப்பா போய்விட்டார் என்று. நஞ்சன்கூட்டிலிருந்து வருகிற நேரம் ஆகட்டும் என்று முக்கால் மணி நேரம் அங்கேயே நின்றுவிட்டு, பிறகு மேலே வந்தான்.

"அவர் கேட்டிருந்தா நீ கூப்பிடாம இருந்திருப்பியா பாப்பா?" என்றான்.

குத்திக்காட்டிக் கேட்கவில்லை. சந்தேகமாகவும் கேட்கவில்லை. அவனுக்கு அது கேள்வியே இல்லை. தங்கை கூப்பிடவில்லை, ஆகவே அப்பா கேட்கவில்லை. இந்தப் பன்னிரண்டு நாளும் அவன் அப்படித்தான் கணக்குப் போட்டிருக்கிறான். குஜராத் ரயிலுக்கு டிக்கெட் எடுத்ததும் அதை வைத்துத்தான்.

சும்மா இருந்தால் போதும். அம்மா கேட்டதைச் செய்தாயிற்று, அண்ணனுக்கும் கோபமில்லை, மோகனாவின் பேருக்கு ஒரு பழுதும் வராது. ஒருத்தன் மட்டும், அப்பாவுக்குக் கடைசி வரை வேண்டாதவனாகவே, வடக்கே போய்ச் சேர்வான். மோகனா பைக்கின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"கேட்டார்ணா. மூணு தடவை கேட்டார். நான்தான் கூப்பிடல."

அவனுக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியதும், ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டான். அவளும் மழுப்பவில்லை. உன்மேல் கோபம், அவர்மேலும் கோபம், செத்துப்போவார் என்று நினைக்கவில்லை, மூன்றாவது தடவை போனைக் கைகாட்டியபோது எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன் என்று எல்லாவற்றையும் சொன்னாள். என்னை என்ன வேண்டுமானாலும் சொல் என்றாள். தெருவில் போகிறவர்கள் பார்த்தார்கள்.

அவன் திட்டவில்லை. ஒன்றே ஒன்று கேட்டான்.

"என்ன சொல்லிக் கேட்டார்? அப்படியே சொல்லு."

"'தருணுக்குப் போனைப் போடு. நான் கூப்பிட்டேன்னு சொல்லு.'"

"இன்னொரு தடவை சொல்லு."

சொன்னாள். தருணின் கீழுதடு சின்னப் பையனுடையது போலத் துடித்தது. முகத்தை முழங்கையால் அழுத்தித் துடைத்துக்கொண்டான். ஹெல்மெட்டை வண்டிமேல் வைத்துவிட்டு மண்டபத்துக்குள் நடந்தான். செருப்பைக் கழற்றினான். சுவரோரமாக நிற்காமல் நடுவழியாகப் போனான். கையில் தட்டோடு நின்றவர்கள் வேறு வழியில்லாமல் விலகினார்கள்.

மேடையில் மைக்கின் சுவிட்சை அவனே தேடிப் போட்டான். மண்டபத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. வீட்டார் பேசிய பிறகு யாரும் பேசக் கூடாது என்பது அவனுக்கும் தெரியும்.

"நான் மாதப்பனோட மகன்," என்றான். "எங்கப்பா என்னைக் கூப்பிட்டிருக்கார். சேதி எனக்கு இப்பத்தான் வந்து சேர்ந்துச்சு."

செல்லக்கண்ணு எழுந்தார். அவர் கையிலிருந்த காபி தளும்பி வேட்டியில் கொட்டியது, கவனிக்கவில்லை.

"முதல்ல உன் தங்கச்சி சொன்னா. இப்ப நீ சொல்றே. செத்தவன் எந்திரிச்சு வந்து இல்லேன்னு சொல்ல மாட்டான்னு தைரியமா?" அவர் குரல் உடைந்திருந்தது. "பன்னெண்டு நாளா யார்கிட்டடா இருந்துச்சு அந்தச் சேதி?"

தருண் பதில் சொல்லவில்லை. மைக்கைப் பிடித்தபடி குனிந்து நின்றான். பின்னால் யாரோ கருங்காலி என்று சொன்னது எல்லார் காதிலும் விழுந்தது. அதற்கும் அவன் நிமிரவில்லை. மோகனா வந்து நின்ற கதவுப் பக்கம் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. செல்லக்கண்ணு மறுபடி கேட்டார். மறுபடியும் அவன் பேசாமல் நின்றான்.

அவன் சொல்ல மாட்டான் என்பது மோகனாவுக்கு அப்போதுதான் உறைத்தது. என்ன ஆனாலும், எப்படித் திட்டினாலும், அவள் பேரைச் சொல்லாமல் பொய்யன் என்ற பேரோடு ரயில் ஏறிவிடுவான்.

அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போனாள். மேடை வரை போகவில்லை. நடுவிலேயே, எல்லாருக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"என்கிட்டதான் மாமா இருந்துச்சு. அப்பா மூணு தடவை கேட்டார். அண்ணன் கீழதான் இருந்தான். நான் கூப்பிடல."

முன்வரிசையில் சித்தம்மா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக மகள் பக்கம் திரும்பினாள்.